நீதிபதிக்குக் கொடுத்த எலுமிச்சம்பழம்

1

போன வாரம் எங்கள் தெருவில் மறுபடியும் பலகைகள் முளைத்துவிட்டன. இரண்டு கம்பிக் கால்கள், மேலே ஒரு அட்டை, அட்டையில் ஒரு பெயர். வீட்டு வாசல் புல்லில் குத்தி வைத்துவிட்டுப் போவார்கள். ஷெரீஃப் என்கிற போலீஸ் தலைமைப் பதவிக்கு ஒருவர், பள்ளிக்கூடக் குழுவுக்கு ஒருவர், நீதிபதிக்கு ஒருவர். ஆமாம், நீதிபதிக்குத்தான். நான் குடியிருக்கும் இந்த அமெரிக்க மாநிலத்தில் உள்ளூர் கோர்ட்டின் நீதிபதியை மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பள்ளிப் பேருந்துக்காக நின்றிருந்த என் மகள் கயல் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது.

"நம்ம ஜட்ஜ் இதில் இருக்காரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். நான்தான் வீட்டுக்குள் வந்தும் உட்கார முடியாமல், தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். 'நம்ம ஜட்ஜ்' என்று அவள் சொன்ன மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா கூடாதா என்று இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை. "கேஸ்தான் முடிஞ்சிருச்சே, எழுது" என்கிறார் என் கணவர் முரளி. எழுதுகிறேன். ஆனால் நீதிபதியின் பெயரை எழுதக் கை வரவில்லை. நான் வளர்ந்த வீட்டில் எந்த நீதிபதிக்கும் பெயர் இருந்ததில்லை.

2

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாரிமுனைப் பக்கம் ஒரு கோர்ட்டில் அவர் டவாலியாக இருந்தார். வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகச் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. நீதிபதி தன் அறையிலிருந்து வரும்போது முன்னால் நடந்து வழி செய்வார். வராந்தாவில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அவர் கூப்பிட்டும் வராதவர் அன்றைக்கு வராதவர்தான்.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் தெரு. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலையும் தாண்டி நைனா சாப்பிட எங்களை மூன்று முறை கூப்பிடுவார். எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்: "இன்னா டவாலி, இன்னிக்கு கொயம்பு வாய்தாவா, தீர்ப்பா?"

நைனா பேச்சில் நீதிபதி என்றால் 'ஐயா'. பழைய ஐயா, புது ஐயா, அவ்வளவுதான் வித்தியாசம். பரீட்சை எழுதித் தேறி, எங்கோ தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வருவார்கள். ஊர் பழகுவதற்குள் மாற்றல் ஆகிவிடும். உள்ளூர் ஆட்களோடு ஒட்டமாட்டார்கள். என் கல்யாணப் பத்திரிகையை நைனா அப்போதைய ஐயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐயா தன் அறையிலேயே வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார், கல்யாணத்துக்கு வரவில்லை. அதில் நைனாவுக்கு ஒரே பெருமை. "வந்து பந்தில குந்திருந்தா அவுரு இன்னா ஜட்ஜி?" என்று மண்டபத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் புது வருடத்தன்று மட்டும் ஒன்று உண்டு. அலுவலக ஊழியர்கள் வரிசையாக நின்று ஐயா கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். நம் ஊரில் அதிகாரியைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக்கூடாது, அதே சமயம் எதுவும் கொடுத்ததாகவும் இருக்கக்கூடாது. அதற்கென்றே உண்டான பழம் அது. ஒரு வருடம் வக்கீல் குமாஸ்தா ஒருவர் பழத்தோடு இனிப்புப் பெட்டியையும் மேசைமேல் வைத்துவிட்டார். ஐயா பழத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியை நைனா கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எலுமிச்சம்பழம் என்றால் மரியாதை மட்டும், அதில் கேட்பது ஒன்றும் இல்லை என்று என் மனதில் பதிந்துபோனது அப்படித்தான்.

3

இனி வழக்குக்கு வருகிறேன்.

போன வருடம் கோடை விடுமுறையில், அடுத்த தெருவில் இருக்கும் லிண்டா என்ற அம்மாள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஆப்பிள் பலகாரம் செய்து கொடுத்தார். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மசால்வடை சுட்டேன். மகன் அப்போது கைக்குழந்தை, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை விட்டுவிட்டுப் போக முடியாது. கயலிடம் பாத்திரத்தைக் கொடுத்து, "நேரா போய் குடுத்துட்டு நேரா வா" என்றேன். நடைபாதையிலேயே போய் முனையில் திரும்பினால் லிண்டா வீடு. சாலையைக் கடக்கவே வேண்டாம்.

அவளுக்கு ஆறு வயது. அந்த வயதில் நான் பால் பாக்கெட், கறிவேப்பிலை, பக்கத்துத் தெருவில் அரைத்துவைத்த மாவு எல்லாம் போய் வாங்கி வந்திருக்கிறேன். நெடுஞ்சாலையைத் தாண்ட மட்டும் விடமாட்டார்கள்.

கயல் திரும்பி வந்தது போலீஸ் காரில். யாரோ பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறார்கள். வடைப் பாத்திரம் அவள் மடியில் இருந்தது. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், மரியாதையாகவே ஒரு தாளையும் கொடுத்தார். குழந்தையை ஆபத்துக்கு உட்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. இன்ன தேதியில் கவுண்டி கோர்ட்டுக்கு வரவேண்டும்; கவுண்டி என்றால் இங்கே மாவட்டம். கீழே நீதிபதியின் பெயர்.

திருவொற்றியூரிலும் என்னை நூறு கண்கள் பார்த்திருக்கும். தெருவில் இஸ்திரி போடுகிறவர், இட்லிக் கடை அக்கா, வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள். அங்கே பார்த்தவர்கள் என் அம்மாவைக் கூப்பிட்டார்கள், இங்கே பார்த்தவர் போலீஸைக் கூப்பிட்டார். வித்தியாசம் அவ்வளவுதானா, இல்லை நான் உண்மையிலேயே தவறு செய்துவிட்டேனா? ஒரு காருக்குள்ளிருந்து வேறு யாராவது அவளைக் கூப்பிட்டிருந்தால்? இந்தக் கேள்வியிலேயே நாள் முழுக்க உழன்றேன்.

எங்கள் விசா தற்காலிகமானது. நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம். பெயரில் ஒரு குற்றம் ஏறினால் என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்டேன். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் சின்னப் பெண். "ஏறாமல் பார்த்துக்கொள்வோம்" என்றாள். ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே இல்லை.

அதைவிட என்னை வாட்டியது வேறு. கயல் அன்றிலிருந்து வாசல் கதவைத் தாண்டக்கூட என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். தபால் பெட்டி எங்கள் புல்வெளியின் ஓரத்திலேயே இருக்கிறது. "அதுவரைக்கும் போனா போலீஸ் வருமா?" என்றாள்.

4

ஒரு சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கோட்டுப் போட்ட நெட்டையான மனிதர், கையில் ஒரு கட்டு அட்டைகள். எங்களுக்கு முன்பு இந்த வீட்டில் இருந்தவரின் பெயரைச் சொல்லி, "அவர் நீங்களா?" என்றார். வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் இருந்திருக்கிறது. இல்லை என்றேன். "பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார்.

என் கோர்ட் தாளில் இருந்த பெயர்.

அட்டையைப் பார்த்தேன். விவசாயி மகன். இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தவர். சில வருடம் அரசுத் தரப்பு வக்கீல், பிறகு ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல். பழைய நீதிபதி ஓய்வு பெற்றதும் ஆளுநர் இவரை நியமித்திருக்கிறார். மக்களிடம் ஓட்டுக் கேட்பது இதுதான் முதல் முறை. படத்தில் அவர் பக்கத்தில் மனைவி, இரண்டு பையன்கள், ஒரு நாய். நாய் வரைக்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்கு அனுப்பிய வரன் விவரம் மாதிரி இருந்தது.

"எனக்கு ஓட்டு இல்லை, சார். நாங்கள் குடிமக்கள் இல்லை" என்றேன்.

"அதனால் என்ன? நீங்களும் என் கவுண்டியில்தானே இருக்கிறீர்கள்" என்றார்.

வழக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டுமா? கோர்ட்டுக்கு வெளியே ஐயாவிடம் வழக்கைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டப்பட்ட விஷயம். வாயை இறுக மூடிக்கொண்டேன். ஆனால் வாசலுக்கு வந்த நீதிபதியை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? கதவோரம் இருந்த கடைப் பையில் என் கை தானாகப் போனது. ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, வலது கையை இடது கையால் தாங்கி நீட்டினேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "உங்கள் தோட்டத்தில் காய்த்ததா?"

"இல்லை சார். மரியாதைக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

அவர் பழத்தை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

முரளி குளித்துவிட்டு வந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் துண்டோடு அப்படியே நின்றார்.

"கேஸ் நடத்துற ஜட்ஜுக்கே பழம் குடுத்தியா? இங்க அதுக்கு என்ன பேர் தெரியுமா?"

"எலுமிச்சம்பழம்தானேங்க."

"ஆமா, ஃபைல்லயும் எலுமிச்சம்பழம்னே எழுதுவாங்க."

திருவொற்றியூருக்குப் போன் போட்டேன். திரையில் நைனாவின் மூக்கு மட்டும் தெரிந்தது. போனை எப்போதும் அப்படித்தான் பிடிப்பார்.

"ஐயா வூட்டாண்ட வந்தாரா? ஓட்டுக் கேக்கவா? இன்னாம்மா சொல்ற நீ? ஐயா தெருத்தெருவா சுத்திகினு கீறாரா? முன்னாடி டவாலி ஒர்த்தனும் இல்லியா?"

"தனியாதான் வந்தாரு நைனா. பழம் குடுத்துட்டேன். தப்பா?"

"வாங்கிகினாரா?"

"வாங்கிக்கிட்டாரு."

"அப்பால இன்னா? வாணாம்னு தள்ளிருந்தாதான் பேஜாரு."

பின்னாலிருந்து அம்மா, "யோவ், அது வேற ஊருய்யா. புள்ள அங்க பயந்துகினு கீது, இவுரு சர்வீஸ் கத சொல்லிகினு!" என்று போனைப் பிடுங்கினாள்.

திங்கள்கிழமை வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். கோர்ட்டில் முதல் வேலையாக நானே சொல்லிவிடுகிறேன்" என்றாள்.

5

கோர்ட்டில் யாரும் வராந்தாவில் நின்று கூப்பிடவில்லை. ஒரு திரையில் பெயர்கள் ஓடின, என் பெயர் இரண்டு துண்டாக உடைந்து முன்பின்னாக மாறியிருந்தது. உள்ளே போனோம். நீதிபதி கறுப்பு அங்கியில் மேலே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பேனா நின்றது.

வக்கீல் எழுந்தாள். அவர் கை காட்டி அவளை நிறுத்தினார்.

"முதலில் நான் ஒன்று சொல்லவேண்டும்" என்றார். தேர்தலுக்காக வீடு வீடாகப் போனபோது இந்த அம்மாள் வீட்டுக்கும் போனதாகவும், இவருக்கு வழக்கு இருப்பது தனக்கு அப்போது தெரியாது என்றும், வழக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றும், ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்ததாகவும், அதைத் தான் வாங்கிக்கொண்டதாகவும் பதிவுக்காகச் சொன்னார். தட்டச்சு செய்யும் பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் அடித்தாள்.

"பழம் இப்போது எங்கே இருக்கிறது?" என்றார் அரசுத் தரப்பு வக்கீல்.

"என் வீட்டுச் சமையலறையில். என் மனைவி மீன் சமைக்கலாம் என்றாள். நான் தொடவிடவில்லை."

பின் வரிசையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசுத் தரப்பு, தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றது. நீதிபதி என் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த வழக்கை நானே விசாரிக்கலாம். வேறு நீதிபதி வேண்டும் என்றாலும் நீங்கள் கேட்கலாம். இரண்டில் எது என்றாலும் உங்களுக்கு அதனால் கெடுதல் வராது. என்ன விரும்புகிறீர்கள்?"

வக்கீல் என் காதருகில், "இவர் நல்லவர். ஆனால் இது தேர்தல் நேரம். எதிர்த்து நிற்பவர் இவரைக் குற்றவாளிகளிடம் இளகிப்போகிறவர் என்று பேசிக்கொண்டிருக்கிறார். முடிவு உங்களுடையது" என்றாள்.

முடிவு என்னுடையதா? நைனாவின் கோர்ட்டில் எந்த நீதிபதி வேண்டும் என்று கட்சிக்காரரை யாரும் கேட்டதாக நான் அறிந்ததில்லை. வருகிற ஐயாதான் ஐயா. இந்த ஊரிலும் இவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் அந்த ஒரு நிமிடம் அந்த அறையில் இருந்த எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல முகம். என் வாசலில் நின்று, ஓட்டில்லாதவளிடமும் நின்று பேசிய மனிதர். இவரே இருக்கட்டும் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஆனால் இவர் என்னை விட்டுவிட்டால், பழம் கொடுத்ததால் விட்டார் என்று நானே காலமெல்லாம் நினைப்பேன். தண்டித்தால், பழத்துக்கு மயங்கவில்லை என்று ஊருக்குக் காட்டத் தண்டித்தார் என்று நினைப்பேன். எப்படிப் பார்த்தாலும் நடுவில் அந்தப் பழம் உட்கார்ந்திருக்கும். ஆறு வயதுப் பெண் முனைவரைக்கும் நடந்தது தவறா என்று மட்டும் யாராவது சொல்லவேண்டும் எனக்கு.

"வேறு நீதிபதி, சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னேன்.

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். "நன்றி, அம்மா" என்றார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா, வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நைனாவிடம் சொன்னபோது திரையில் முதல்முறையாக அவர் முழு முகமும் வந்தது.

"ஐயாவப் பாத்து, மூஞ்சிக்கு நேரா, வாணாம்னியா?"

"கேட்டாங்க நைனா. அதான் சொன்னேன்."

"என் சர்வீஸ்ல ஒர்த்தன் அப்டி சொல்லிக் கேட்டதில்லமா." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, பெருமையா பயமா என்று தெரியாத குரலில், "உம் பொண்ணு ஐயாவயே மாத்திட்டாடி" என்றார்.

6

பக்கத்துக் கவுண்டியிலிருந்து வேறு நீதிபதி வந்தார். ஓய்வு பெறும் வயதில் ஒரு பெண்மணி. எங்கள் ஊர்த் தேர்தலில் அவருக்கு வேலை இல்லை. எவ்வளவு தூரம், சாலையைக் கடந்தாளா, முன்பு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாளா, அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை வளர்ப்பைச் சொல்லித்தரும் பெற்றோர் வகுப்புக்குச் சில சனிக்கிழமைகள் போகச் சொன்னார். போய் முடித்தால் வழக்கு தள்ளுபடி, பெயரில் எதுவும் ஏறாது என்றார்.

"தவறா இல்லையா, மேடம்?" என்று கேட்டுவிட்டேன். வக்கீல் என் முழங்கையைப் பிடித்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் ஒரு பேத்தி இருக்கிறாள். நானாக இருந்தால் முனைவரைக்கும் கூடப் போயிருப்பேன். ஆனால் நீங்கள் கெட்ட தாய் என்று இந்தக் கோர்ட் சொல்லவில்லை" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்புக்குப் போனேன். குறிப்பெடுத்தேன். வழக்கு தள்ளுபடியாயிற்று. தாள் வந்த அன்று முரளி இனிப்பு வாங்கி வந்தார். கயல் ஒன்றை எடுத்துக்கொண்டு, "இப்ப தபால் பெட்டிக்குப் போகலாமா?" என்றாள். போகலாம் என்றேன். போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டால்தான் வருவேன் என்றாள்.

நவம்பரில் தேர்தல் நடந்தது. எங்கள் நீதிபதி தோற்றுப்போனார்.

"தோத்துட்டாரா?" நைனாவால் நம்ப முடியவில்லை. "அப்போ எந்த ஊருக்கு மாத்துவாங்க?"

"எந்த ஊருக்கும் இல்ல நைனா. வருஷக் கடைசில வீட்டுக்குத்தான்."

"இன்னா ஊருமா அது! தீர்ப்பு எழுதறவருக்கே தீர்ப்பா?" என்றார். பிறகு மெதுவாக, "பாவம். எலுமிச்சம்பயத்த வாங்கிகினாரு இல்ல?" என்றார்.

எனக்கு ஓட்டில்லை. நான் வேண்டாம் என்றதற்கும் அவர் தோற்றதற்கும் சம்பந்தம் இல்லை. முரளி இதைப் பலமுறை விளக்கிவிட்டார்.

7

தேர்தல் முடிந்தால் பலகைகளை வேட்பாளரே எடுத்துவிட வேண்டுமாம். அந்த வார இறுதியில் சன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுப் புல்வெளியில் அவர் தனியாகக் குனிந்து தன் பெயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கோட்டு இல்லை, பழைய ஸ்வெட்டர். காரின் பின்பக்கம் திறந்து கிடந்தது, அதற்குள் அவர் பெயரே அடுக்கடுக்காக இருந்தது.

இப்போது அவரிடம் என் வழக்கு இல்லை. என்னிடம் அவருக்கு ஓட்டும் இல்லை. கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கதவுவரைக்கும் வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். வேண்டாம் என்று சொன்ன வாயால் என்ன பேசுவது?

"அது நம்ம ஜட்ஜா?" கயல் என் இடுப்போரமாக எட்டிப் பார்த்தாள்.

"ஆமா."

"பழம் அவருக்கா?" என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் குடுத்துட்டு வரட்டா?"

தமிழில் கேட்டாள். தனியாகத் தெருவைத் தாண்ட வேண்டும். அதுவும் யாரிடம்! என் தொண்டைவரைக்கும் 'வேண்டாம்' வந்தது. பழத்தை அவள் கையில் வைத்தேன்.

"ரெண்டு பக்கமும் பாத்துப் போ."

படியில் இறங்கினாள். புல்லைக் கடந்தாள். தபால் பெட்டியிடம் ஒரு கணம் நின்றாள். பிறகு அதையும் தாண்டி, சாலை ஓரத்தில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, ஓடாமல் நடந்தாள். அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தவுடன் அவர் கண்கள் யாரையோ தேடின. கதவில் நின்ற என்னைக் கண்டு நிலைத்தன.

கயல் இரண்டு கையாலும் பழத்தை நீட்டினாள். அவர் பலகையைக் கீழே போட்டுவிட்டு, அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னவோ சொன்னார், அவள் என்னவோ சொன்னாள். பிறகு அவள் திரும்பினாள். அவர் வேலைக்குத் திரும்பவில்லை. பழத்தைப் பிடித்தபடியே நின்று அவள் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் நான். எங்கள் இருவரையும் பார்க்காமல், கையை வீசிக்கொண்டு, கயல் நடந்து வந்தாள்.